இருபது நாள் அட்ஜஸ்ட்

பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலீஷ் நடத்துகிறேன். நாற்காலியின் உயரத்தை, கடிகார முள்ளை, வண்டிக் கண்ணாடியை நமக்கு வாகாகத் திருத்துவதுதான் 'அட்ஜஸ்ட்' என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். வகுப்பை விட்டு வெளியே வந்தால் கதையே வேறு. வலங்கைமான் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக இடித்துக்கொண்டு உட்காருகிறவள், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்பாள். ஜாக்கெட்டை இறுக்கித் தைத்த டெய்லரும் அதையேதான் சொல்வார். என் கல்யாணத்தில் ஊரே எனக்குச் சொன்ன புத்திமதியும் அதுதான். அங்கே பொருளைத் திருத்துகிறார்கள், இங்கே ஆளை நெரிக்கிறார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன தை மாதம் அதை வயலிலும் கேட்டேன். அம்மா நாற்பது வருஷம் அடுத்தவர் வயலில் கதிர் அறுத்தவள். என் சம்பளத்தில் நாங்கள் வாங்கிய முதல் நிலத்தில் அது முதல் அறுப்பு. பார்க்கத் துடித்தாள், ஆனால் காலில் மாவுக்கட்டு. எங்களுடையது உள்வயல். அறுவடை மெஷின் முன்வயல் வழியாகத்தான் வர முடியும். அதனால் முன்வயல்காரரைக் கேட்டு, இரண்டு வயலும் சேர்ந்து விளையும்படி விதைப்பதுதான் இங்கே வழக்கம். நான் யாரையும் கேட்கவில்லை, மூன்று வாரம் முந்தி விதைத்துவிட்டேன். படித்தவள் இல்லையா.

மெஷின் ரோட்டில் நின்றது. கிழக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கையால் அறுக்கத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல வரப்பில் அலைந்தேன். கால் மணிக்கு ஒரு தரம் அம்மாவின் போன் வேறு. "அறுத்தாச்சா?"

முன்வயல்காரர் நிதானமாக வந்தார். "ஒரு இருபது நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்க, தங்கச்சி."

"எப்பவும் நாங்களேதான் பண்ணணுமா, அண்ணே? இந்த ஒரு தடவை நீங்க பண்ணுங்க. மெஷின் போற அகலம் மட்டும் அறுத்துக்கிறோம். அந்த நெல்லை எங்க வயல்லேர்ந்து தந்துடுறேன்."

அவர் தன் வயலில் ஒரு கதிரை ஒடித்து என் கையில் கொடுத்தார். ஒரு மணியை நசுக்கினேன். வெள்ளையாகப் பால் கசிந்தது. பால் பிடித்த பயிரில் யார் மெஷினை விடுவார்கள்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மெஷினை அனுப்பிவிட்டேன்.

அரை மணியில் மழை இறங்கியது. போன் அடித்தது.

"மெஷின் போயிடுச்சும்மா. அவங்க பயிர்ல இன்னும் பால் இருக்கு."

"அவங்களைக் கேக்காமயா விதைச்சே?"

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஊரார் பயிர் மழையில் படுத்தபோதெல்லாம், "கூலி போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனவள் அவள்.

"மழை பலமா?"

"பலம்தாம்மா. கதிரெல்லாம் சாயுது."

"நம்ம பயிருடி," என்றாள் அம்மா. அழுதாள்.