மூளை வராத பெட்டி

பல்செட் செய்கிறவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று நினைப்பவர்கள் நம் ஆளைப் பார்த்ததில்லை. ஒரு கடைவாய்ப் பல்லைப் பகலெல்லாம் அலுக்காமல் இழைப்பார். அதே மனிதரிடம் எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் "அடுத்த வாரம் வந்துடும் சார்" என்று சொன்னால் போதும், முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

வீட்டிலேயே கம்ப்யூட்டர் கட்டும் பித்து ஊரில் நாலைந்து பேரைப் பிடித்து ஆட்டிய காலம் அது. இவருக்கும் பிடித்தது. பெட்டி வந்தது. நினைவகப் போர்டு வந்தது. முன்பக்கத்துக்குச் சுவிட்சுகளும் குட்டி விளக்குகளும் வந்தன. கணக்குப் போடும் மூளையான பிராசஸர் போர்டு மட்டும் வரவில்லை. கம்பெனிக்காரன் ஆர்டரை அள்ளிக்கொண்டான், போர்டைக் கிள்ளிக்கூடக் கொடுக்கவில்லை. இப்படியே இரண்டு வருடம் அந்தப் பெட்டி சாப்பாட்டு மேஜையில் பாதியை அடைத்துக்கொண்டு சும்மா கிடந்தது.

மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கோபத்திலும் குரலை உயர்த்தமாட்டார், அதுதான் பயம்.

"ஞாயித்துக்கிழமை தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் சாப்பிட வர்றாங்க. அதுக்குள்ள இது ஓடணுங்க. ஓடலேன்னா பரணுக்குப் போயிடும்."

"சரி" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பரணை நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டில் பரண் ஏறிய எதுவும் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

பிராசஸர் சிப்பை மட்டும் தனியாகத் தபாலில் வாங்கி வைத்திருந்தார். அதை உட்கார வைக்கும் போர்டைத் தானே செய்துவிடுவது என்று துணிந்தார். ஊரில் ஒரே ஒரு போர்டு ஒரு வங்கிக் காசாளரிடம் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடியதில் அவர் மனம் இறங்கினார்.

"ஒரு சாயங்காலம்தான் தருவேன். கீறல் விழுந்துது, நம்ம சிநேகம் அதோட சரி."

போர்டின் செம்புக் கோடுகள் மேல் மெல்லிய தாளை வைத்து வரைந்துகொண்டார். பிறகு செம்பு பூசிய வெற்றுப் பலகையில் கார்பன் தாள் போட்டுப் படியெடுத்து, கோடுகள் மேல் மனைவியின் நகப்பூச்சைத் தடவி, செம்பை அரிக்கும் திரவத்தில் போட்டார். பூச்சுக்கு அடியில் இருந்த செம்பு தப்பியது, மற்றதெல்லாம் கரைந்தது. பல்லைத் துளைக்கும் ஊசியால் ஓட்டைகளும் போட்டாயிற்று. தலைகால் புரியாத சந்தோஷம்.

ஞாயிறு காலை சிப்பை எடுத்து வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் போக வேண்டிய கால்கள் வலப்பக்கம் நின்றன. தாளைக் கவிழ்த்துப் போட்டுப் படியெடுத்திருக்கிறார். அவர் தொழிலில் அது தப்பே இல்லை. வாயில் அச்செடுத்து, அதற்குள் வார்த்துக் கவிழ்த்தால்தானே பல். பழகிய கை தன்பாட்டுக்குக் கவிழ்த்துவிட்டது.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, பரண்ல இடம் ஒதுக்கட்டுமா?"

எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கப் பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் கோடெல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. அப்படியென்றால் சிப்பைச் செம்பு இருக்கும் பக்கமே வைத்துவிட்டால் கால்கள் சரியாக வந்துவிடும். கால்களை முழுக்க இறக்காமல் சற்றே தூக்கி நிறுத்தி, பக்கவாட்டில் ஊசிமுனையால் பற்றவைத்தார். பலகை பெட்டிக்குள் நேராகப் போகவில்லை. வயர் இழுத்து வெளியிலேயே தொங்கவிட்டார்.

விருந்தாளிகள் வந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வேலை முடிந்தது. ஒரு சுவிட்சாகத் தட்டித் தட்டி, இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னார். பெட்டி ஒரு கணம் யோசித்ததுபோல் இருந்தது. பிறகு இரண்டு விளக்குகள் எரிந்தன.

சகலை குனிந்து பார்த்தார். "ரெண்டு விளக்குதானே எரியுது? ரெண்டும் மூணும் ரெண்டா? இதுக்கா அண்ணே இத்தனை பாடு, விரல் விட்டே எண்ணிடலாமே."

நம் ஆள் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார்.

"வலது ஓரத்து விளக்கு எரிஞ்சா ஒண்ணு. அடுத்தது எரிஞ்சா ரெண்டு, அது அணைஞ்சிருக்கு பாருங்க. அதுக்கும் அடுத்தது நாலு. நாலும் ஒண்ணும் எவ்வளவு, நீங்களே சொல்லுங்க."

சகலை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அஞ்சு" என்றார்.

நம் ஆள் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடமாகத் தான் புலம்பியது எல்லாம் சுவருக்குத்தான் என்று நினைத்திருந்தார். ஒரு வார்த்தை விடாமல் அவள் கேட்டிருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கடைக்காரர்.

"சார், போர்டு வந்து குவிஞ்சிருக்கு. எத்தனை வேணும்?"

"இனிமே எதுக்குங்க, நானே செஞ்சுட்டேன்" என்று போனை வைக்கப் போனவரின் கையை மனைவி பிடித்தார்.

"ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லுங்க. இது உங்களோடது. எனக்குன்னு ஒண்ணு வேண்டாமா?"

"ரெண்டு பெட்டி வச்சா மேஜையில தட்டு வைக்க இடம் ஏது?"

"இன்னிக்கு மடியில வச்சுத்தானே சாப்பிட்டோம்" என்றார் மனைவி.