கை வராத ஓவியர்

அந்தச் சித்திரக்கதை ஓவியருக்கு மூக்கு வரும், குதிரை வரும், இடிந்து விழும் பாலம்கூட வரும். கை மட்டும் வராது. வரைந்தால் வாழைப்பழச் சீப்பு மாதிரி இருக்கும். தெரியாது என்று ஒத்துக்கொண்டால் கௌரவம் என்னாவது? "கையெல்லாம் சில்லறை வேலை" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்தச் சில்லறை வேலையை இருபத்தோரு வருடமாகச் செய்தவள் அவர் மனைவி.

மாதம் ஒரு முகமூடி வீரன் புத்தகம், பக்கத்துக்கு ஆறு கட்டம். எல்லாரையும் மணிக்கட்டோடு நிறுத்திவிட்டு, கை வரவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவிடுவார் ஓவியர். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உட்காருவாள். கண்ணாடி முன் தன் இடது கையை மடக்கியும் விரித்தும் பார்த்து வட்டங்களை நிரப்புவாள். கயிற்றில் தொங்குகிறவன் கை, கெஞ்சுகிறவன் கை, செத்தவன் கை. வில்லனுக்கு மட்டும் புருஷனின் அண்ணன் விரல்கள். அந்த மனிதரும் மாதாமாதம் புத்தகம் வாங்கிப் படித்தார், கண்டுபிடிக்கவில்லை.

"வீரனின் கைகளைப் பார்த்தாலே சிலிர்க்கிறது" என்று ஒரு வாசகர் எழுதிய கடிதத்தை ஓவியர் வெட்கமே இல்லாமல் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்களிடம், "விரல்ல உயிர் இருக்கணும் சார், அதான் ரகசியம்" என்று அளந்துவிடுவார். உள்ளே காபி கலந்துகொண்டிருந்தவளுக்கு வயிறு எரியும்.

இருநூற்றைம்பதாவது புத்தகத்துக்குப் பதிப்பகத்தார் விழா எடுத்தார்கள். அவள் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டாள்.

"இதுலயாவது என் பேரைப் போடச் சொல்லுங்க."

"சொல்லாம இருப்பேனா? முதல் பக்கத்துலயே வரும், பாரு."

விழா அன்று முன்வரிசையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். பிழை திருத்தியவர் பெயர் இருந்தது, பைண்டிங் செய்தவர் பெயர்கூட இருந்தது. இவள் பெயர் இல்லை. கேட்டிருக்கவே வேண்டாம் என்று அவமானமாக இருந்தது.

மேடையில் பதிப்பக ஆசிரியர் பெரிய வெள்ளைப் பலகையைக் காட்டி, "சார், வீரன் நம்ம வாசகர்களுக்குக் கையசைக்கற மாதிரி ஒரு படம், இப்பவே!" என்றார். அரங்கம் கைதட்டியது.

ஓவியர் மார்க்கரை எடுத்து ஜோராக ஆரம்பித்தார். முகமூடி, தோள், தூக்கிய முழங்கை. மணிக்கட்டு வந்ததும் பழக்கதோஷம் விடவில்லை. ஒரு வட்டம் போட்டார். போட்டபிறகுதான் சுதாரித்தார். அழிக்க முடியாத மார்க்கர். அரங்கமே அந்த வட்டத்தைப் பார்த்தது.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனுஷன் அசடு வழியச் சிரித்துக்கொண்டு, "எங்க வீட்ல இவங்களுக்கும் கொஞ்சம் வரைய வரும். வாம்மா, ஆசைக்கு நீயும் ரெண்டு கோடு போடு!" என்றார்.

கொஞ்சமாம். ஆசைக்காம்.

அவள் எழுந்து போனாள். மார்க்கரை வாங்கி, அந்த வட்டத்துக்குள் தன் பெயரை நிதானமாக, கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி எழுதினாள். மூடியைப் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"கையை நீங்களே எங்கயாவது வரைஞ்சுக்குங்க. சில்லறை வேலைதானே?"