சம்மாட்டியின் படம்

என் வீட்டுச் சுவரில் மாதா படத்துக்குக் கீழே, நான் வேலை பார்த்த வள்ளத்தின் சொந்தக்காரர் சம்மாட்டியின் படம் தொங்குகிறது. புது வள்ளத்தைக் கடலில் இறக்கிய அன்று, கழுத்தில் மாலையோடு சிரித்தபடி எடுத்தது. வள்ளத்தில் வேலை செய்த எங்கள் எல்லாருக்கும் ஒன்று கொடுத்தார். வருகிறவர்கள் எனக்கு அவர்மேல் விசுவாசம் என்று நினைக்கிறார்கள். இல்லை. அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை.

எழுபதுகளில் தூத்துக்குடியில் அவர் வள்ளத்தில் சங்கு குளித்தேன். ஆழத்தில் காது வலித்தால் மேலே வரக்கூடாது, சவ்வு கிழியும்வரை தாங்கிவிட்டால் அப்புறம் வலியே இல்லை என்பது குளிகாரர்களின் நம்பிக்கை. என் இடது காதில் ரத்தம் வந்தபோது சம்மாட்டி முதுகில் தட்டினார். "காது திறந்துட்டுலே! இனிதான் நீ குளிகாரன்." மறுநாளும் இறக்கினார். காது சீழ்பிடித்து உள்ளே புரையோடியது. தலை சுற்றத் தொடங்கியது. சுற்றலை நிறுத்த மதுரையில் உள்காது நரம்பை வெட்டினார்கள். நின்ற சுற்றல் சில மாதங்களில் திரும்பி வந்தது.

அதோடுதான் வேலை கேட்டுப் போனேன். கரையிலிருந்து வள்ளத்துக்குப் போட்ட பலகையில் கால் வைத்ததும் தண்ணீரில் விழுந்தேன். சம்மாட்டி ஊருக்கே கேட்கும்படி கத்தினார்: "காலையிலயே ஊத்திட்டு வாரான் பாரு! குடிகாரப் பயலுக்கு என் வள்ளத்துல இடமில்ல." நான் ஒரு சொட்டும் தொடாதவன். அது அவருக்கும் தெரியும்.

மாத்திரை போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தேன். அதுதான் தப்பு என்றார் மதுரை டாக்டர். "ஒரு பக்க நரம்பு இல்லாம நிக்க மூளை பழகணும். படுத்தே கிடந்தா எப்படிப் பழகும்? ஒரு பொருளைக் கண்ணால பிடிச்சுக்கிட்டு, தலையை இடமும் வலமும் ஆட்டுங்க. சுத்தும். விடாதீங்க."

"மாதாவைப் பாத்து ஆட்டும். அந்தச் சண்டாளன் படத்தை அடுப்புல போடும்" என்றாள் மனைவி. மாதாவைப் பார்த்தால் எனக்கு அழுகைதான் வந்தது. கண் கலங்கினால் சுவரும் ஆடியது. "அவன் படம் கிடக்கட்டும்ளா" என்றேன். அந்தச் சிரிப்பைப் பிடித்த கண் நகரவே இல்லை. வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மெல்ல மெல்லச் சுவரைப் பிடிக்காமல் நடந்தேன்.

இனிமேல் சங்கு குளிக்கக் கூடாது என்றார்கள். வேறொருவர் வள்ளத்தில் குளிகாரர்களுக்குக் கயிறு பிடிக்கப் போனேன். முதல் நாளே கரையில் சம்மாட்டி. பலகையின் நடுவில் நின்று, தலையை இடமும் வலமும் ஆட்டி, அவர் முகத்தையே பார்த்தேன்.

"என்னலே முறைக்க?"

"காலையிலயே ஊத்திட்டு வந்தேன் சம்மாட்டி."

வள்ளமே சிரித்தது. அவர் திரும்பிப் போனார்.

அவர் செத்துப் பல வருஷமாகிறது. இன்றும் சில காலைகளில் தரை சரியும். அந்தப் படத்தின் முன் நின்று தலையை ஆட்டுவேன். செத்தவனை மன்னித்துவிடு என்கிறார் பங்குச் சாமியார். மன்னித்துவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?