இளைத்துப்போன சமையல் மாஸ்டர்

பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகப் போய்வந்த ஒரே இடம் சத்துணவுக் கூடம்தான். அதனால் எழுத்து வரவில்லை, சாம்பார் வந்தது. ஆட்டையாம்பட்டிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, புதுவீடு எதுவானாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கைப்பக்குவம் ஒரு காரணம். இன்னொரு காரணம் என் வயிறு. அடுப்புக்குப் பின்னால் அது தெரிந்தாலே விருந்தாளிகளுக்கு நம்பிக்கை வந்துவிடும். நான் போர்டு வைத்ததே இல்லை. எதற்குப் போர்டு, வயிறுதான் எனக்கு முன்னாலேயே நடந்து போகிறதே.

ஒரு கல்யாணத்தில் பந்தி முடிந்ததும் அடுப்படியில் தரையில் உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. முட்டி மடங்கிவிட்டது, மூச்சு இரைத்தது, கண் மங்கியது. காய் நறுக்க வந்த நாலு பேர் சேர்ந்து என்னைத் தூக்கினார்கள். அதில் ஒரு அக்கா, "இட்லி அண்டாவத் தூக்குனாக்கூட இம்புட்டுக் கனமில்லீங்க" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததில் இன்னும் மூச்சு வாங்கியது.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், அழுத்தம் பார்த்தார், முட்டியைத் தட்டினார். சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது, எடை குறையாவிட்டால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றார்.

"அழகுக்காகச் சொல்லல. உங்க முட்டிக்கும் நெஞ்சுக்கும் சொல்றேன்."

"அழகுக்குன்னா தேவையில்லீங்க. அது ஏற்கெனவே நெறையா இருக்குதுங்க" என்றேன்.

அந்தம்மா சிரிக்கவில்லை. "இப்படியே போனா அடுப்புப் பக்கம் நிக்க முடியாது. வேலையே போயிடும்" என்றார். அதற்கு மேல் எனக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு வேறு வேலை எதுவும் தெரியாது.

ஒரே மாதத்தில் குறைத்துக் காட்டுகிறேன் என்று சொன்னேன். அதற்கும் திட்டு விழுந்தது. பட்டினி கிடக்கக் கூடாதாம், மெதுவாகத்தான் இறங்க வேண்டுமாம், இத்தனை வருஷமாக ஏற்றியது ஒரு மாதத்தில் இறங்காதாம்.

வீட்டுக்கு வந்து, நான் அப்படியொன்றும் அதிகம் சாப்பிடுவதில்லையே என்று என் வீட்டுக்காரியிடம் புலம்பினேன். அவளும் என்னோடு விருந்து வேலைக்கு வருகிறவள்தான்.

"ருசி பாக்கறேன்னு பொரியல்ல ஒரு கரண்டி, கூட்டுல ஒரு கரண்டி, பாயசத்துல ஒரு டம்ளரு. ஊரு சாப்புடறதுக்கு முன்னால நீங்க ஒரு பந்தி முடிச்சர்றீங்க. அப்பறம் எல்லாரு கூடவும் எல போட்டு இன்னொரு பந்தி" என்றாள்.

"ருசி பாக்காம எப்படிப் புள்ள சமைக்கிறது?"

"கையில ஒரு சொட்டு உட்டுப் பாருங்க. ஊரு உங்க கைப்பக்குவம்னுதான் சொல்லுது. வவுத்துப் பக்குவம்னு ஆரும் சொல்லுல."

அன்றிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு. முதல் சில விருந்துகளில் பாயசத்தின் முன்னால் நான் நின்ற நிலையைப் பார்த்தவர்கள், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். வீட்டில் சோறு பாதியானது, கீரையும் காயும் இரண்டு பங்கானது. ஆட்டையாம்பட்டியில் இருந்துகொண்டு முறுக்குக் கடையைத் தாண்டிப் போவதுதான் பெரிய கஷ்டம். மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். கடைக்காரர் கோபித்துக்கொண்டார்.

காலையில் நடக்கப் போனால் அது வேறு தொல்லை. எங்கள் பக்கம் ஒருவன் வேலை இல்லாமல் நடந்தால் விடமாட்டார்கள். வண்டியை நிறுத்தி, "ஏனுங்க மாஸ்டரே, வண்டி ரிப்பேருங்களா? ஏறுங்க, உட்டுட்டுப் போறேன்" என்பார்கள். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடும். கடைசியில் கையில் ஒரு காலித் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நடந்தேன். பாலுக்குப் போகிறான் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் இவ்வளவு பால் யார் குடிக்கிறார்கள் என்று மட்டும் பேச்சு வந்ததாம்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, மாடிப்படி ஏறிக்கொண்டே மூச்சு வாங்காமல் பேச முடிந்தது. பிறகு, தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடிந்தது. ஒருநாள் குனிந்து பார்த்தபோது என் கால் விரல்கள் தெரிந்தன. வெகு நாள் கழித்துப் பார்த்ததால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். வருஷம் ஒன்று தாண்டிய பிறகு டாக்டரம்மா ரத்தச் சீட்டைப் பார்த்துவிட்டு முதல் முறையாகச் சிரித்தார். என் பழைய ஜோக்குக்குத்தான் இப்போது சிரிக்கிறார் என்று வைத்துக்கொண்டேன்.

ஊர்தான் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் ஒருவன் குண்டானால் நன்றாக இருக்கிறான் என்பார்கள். இளைத்தால், என்ன வியாதி என்பார்கள். வீட்டுக்காரியின் சித்தப்பா ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்துவிட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "தைரியமா இருங்க மாப்ள" என்றார். நான் தைரியமாகத்தான் ஒரு ஆப்பிளைத் தின்றுகொண்டிருந்தேன். ஆனால் விருந்து வேலை குறைய ஆரம்பித்தது. மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையாம் என்று எங்கள் காதுக்கே வந்தது.

அப்போதுதான் மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பயிர் செய்கிறவர், சொந்தபந்தம் நிறைய உள்ளவர். அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் சமைத்தேன். இப்போது பேரனுக்குக் காதுகுத்து. வாசலில் நின்ற என்னையே பார்த்து,

"தம்பி, உங்க அண்ணன் ஊட்டுல இல்லீங்களா?" என்றார்.

"எந்த அண்ணனுங்க?"

"சமையல் மாஸ்டருங்க."

"நாந்தானுங்க அது."

அவர் நம்பாமல் என் வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவள் சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரிந்தது.

"ஏஞ்சாமி இப்படி ஆயிட்டீங்க?"

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பாவம், மறைக்கிறான் என்பது போலவே கேட்டுக்கொண்டார். தட்டில் வெற்றிலை பாக்கை வைத்தார், ஆனால் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. ஊரே வருது. அன்னிக்குன்னு பாத்து மயக்கங்கியக்கம் வந்து உளுந்துட்டீங்கன்னா நான் என்னங்க பண்றது?"

"உளுக மாட்டனுங்க."

அரை மனதோடு கையை எடுத்தார். அவர் போனதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வீட்டு விருந்தில் ஒரு சின்னக் குறை வந்தாலும், அந்தச் சுற்றுவட்டாரத்தில் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள். அடுப்புப் பக்கம் நிற்க வேண்டும் என்றுதான் இளைத்தேன். இளைத்ததாலேயே அடுப்பு போய்விடும் போல இருந்தது.

விருந்தன்று காலை இரண்டு துண்டை வயிற்றில் சுற்றி, மேலே பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரி ஒரு பார்வை பார்த்தாள்.

"காதுகுத்துக்குச் சமைக்கப் போறீங்களா, கூத்துக் கட்டப் போறீங்களா? அவுருங்க."

அவிழ்த்தேன்.

அங்கே போனால் அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு இன்னொரு மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். நான் விழுந்தால் எடுத்து நடத்த, பெரியவர் சொல்லிவைத்த ஆள். பழைய என்னைப் போலவே இருந்தார், அதே வயிறு, அதே மூச்சு. "சும்மா ஒத்தாசைக்குங்க" என்றார் பெரியவர், என் முகத்தைப் பார்க்காமல். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

சொன்னதைவிடக் கூட்டம் அதிகமாக வந்துவிட்டது. மறுபடி சோறு வைக்க வேண்டும், ரசம் வைக்க வேண்டும், இனிப்புக்குப் போடும் ஒப்புட்டுப் போளிக்கு இன்னும் மாவு பிசைய வேண்டும். ஒத்தாசைக்கு வந்தவர் நல்ல மனிதர், ஓடி ஓடித்தான் செய்தார். ஆனால் இரண்டாவது பந்தியிலேயே மூச்சு வாங்கி நாற்காலிக்குப் போய்விட்டார். அந்த மூச்சு எனக்கு நன்றாகத் தெரிந்த மூச்சு. "உக்காருங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்று தண்ணீர் கொடுத்துவிட்டு இரண்டு அடுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். குனிந்தேன், நிமிர்ந்தேன், அண்டாவை இறக்கினேன், வாளியோடு பந்திக்கும் ஓடினேன். முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

சாப்பிட்டு வந்த சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர் நேராக நாற்காலிக்குப் போய், அந்த அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டரே, ரசம் அருமைங்க. உங்களப் பாத்தாலே தெரியுதுங்க."

"நானில்லீங்க" என்று அவர் என்னைக் காட்டினார்.

சம்பந்தி வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவருங்களா?"

விருந்தாளிகளைக் கவனிக்க ஓடிக்கொண்டிருந்த பெரியவரும் அதற்குள் களைத்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அவருதானுங்க எங்க மாஸ்டர். காத்தாலருந்து நின்ன கால்ல நிக்கறாரு. நாந்தான் உக்காந்துட்டேன்."

எனக்கு எப்போதும் பெருமை வந்தால் வயிறுதான் முன்னால் போகும். அன்றைக்குப் பார்த்தேன், நெஞ்சு முன்னால் போயிருந்தது. உயரமாகக்கூட ஆகிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நாற்காலி அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "எந்த டாக்டருங்க?"

"சொல்றனுங்க. ஆனா அந்தம்மாகிட்ட ஜோக்கு மட்டும் அடிச்சராதீங்க" என்றேன். அதற்குள் கடைசிப் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். ரசவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.