கரட்டுப் பாறையை அண்ணன் எடுத்த முப்பத்தாறு படங்கள்

இந்த நினைவு மலரை வாங்கியதும் முகப்பில் அண்ணன் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணன் அவிநாசிக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா தவறியபோது அவருக்குப் பதினேழு வயது. படிப்பை விட்டுவிட்டு மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். தான் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "அப்பறம் ஞாயித்துக்கெழம யாரு கண்ணு எனக்கு லீவு குடுப்பா?" என்பார். என் கணவர் போனபின் என்னையும் தன் வீட்டோடு வைத்துக்கொண்டார்.

ஞாயிறு அவருக்குக் கேமரா நாள். முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவார். மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்பு, இடிந்த மண்டபம், குளத்துக் கொக்கு, காட்டுக்குள் கிடக்கும் வீரக்கல் என்று எடுத்துத் தள்ளுவார். கல்யாணங்களில் நம்மை எடுக்கச் சொன்னால் மட்டும் பாதிப் பேருக்குத் தலை இருக்காது.

அவர் உயிரையே வைத்திருந்தது எங்கள் ஊர்க் கரடு என்கிற சின்னப் பாறைக் குன்றின்மேல். அதன் பாறையில் குதிரைமேல் ஒரு வீரனும், கீழே நாலு வரி பழைய எழுத்தும் இருந்தன. தொண்ணூற்று நான்கில் கரட்டைக் கல் உடைக்க ஏலம் விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அண்ணன் தாலுகா ஆபீசுக்கு ஓடினார். "வாயில சொன்னா ஆகாதுங்க, படத்தோட மனு குடுங்க" என்றார்கள்.

அப்போதே சர்க்கரை நோயால் அவருக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. அதனால் கேமராவில் பிலிமை நான்தான் மாட்டினேன். அடுப்பில் பால் வைத்த அவசரம். பிலிம் நுனி உள்ளே சுற்றும் சக்கரத்தின் பல்லில் சிக்கியதா என்று பார்க்காமல் மூடிக் கொடுத்துவிட்டேன். அண்ணன் வெயிலில் கரடேறி முப்பத்தாறு படங்கள் எடுத்தார்.

படங்களை வாங்கவும் நானே போனேன். ஸ்டுடியோக்காரர் ஒரு நிழல்கூட விழாத சுருளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ரோல் ஓடவே இல்லீங்க அம்மணி. மாட்டுனது செரியில்லீங்க."

வீட்டு வாசலிலேயே அண்ணன் காத்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும், "ஸ்டுடியோவுல கழுவறப்ப கெட்டுப்போச்சாமுங்கண்ணா" என்றேன்.

மறு ஞாயிறு திரும்பப் போகலாம் என்றார். அதற்குள் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இருபது நாள் கழித்து வந்தபோது பாறைக்கு வெடி வைத்துவிட்டிருந்தார்கள். ஊன்றுகோலோடு போய் அந்த ஜல்லிக் குவியலைப் பார்த்தார். நேராக ஸ்டுடியோவுக்கு வந்து, யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாத அண்ணன், கடைவீதி பார்க்கக் கத்தினார்: "ஒரு ரோல் கழுவத் தெரியாதவன் எதுக்குய்யா கடை போட்டிருக்கே?"

ஸ்டுடியோக்காரர் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன்பின் அண்ணன் கேமராவைத் தொடவில்லை. மூன்று வருடம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நான் தள்ளிப்போட்டேன். கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், "அந்த ரோலு மட்டும் வந்திருந்தா கரடு நின்னிருக்குமில்ல கண்ணு?" என்றார். "ஆமாங்கண்ணா" என்றேன். மறுநாள் நினைவு தப்பிவிட்டது.

உடனிருந்து பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், மில் நண்பர்களுக்கும் எங்கள் நன்றி.

முகப்புப் படம் மில் அடையாள அட்டைக்கு எடுத்தது. அந்த நெகட்டிவைத் தேடிப் பெரிதாக்கி, துக்கத்தன்று கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தவர் அதே ஸ்டுடியோக்காரர். "அண்ணனுக்குக் கடைசில தெரியுமுங்களா?" என்று மட்டும் கேட்டார். "இல்லீங்க" என்றேன். படத்தை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர்மேல் தவறில்லை என்பதை நீங்கள் எல்லோரும் அறிய வேண்டும். பிலிமை மாட்டியது நான். உங்களுக்குச் சொல்லிவிட்டேன். அண்ணனுக்குச் சொல்லவில்லை.