சலவைக் கடை ரீலோடு மாமா

போனைக் கையில் வாங்கியதும் முதலில் சட்டை முனையில் துடைப்பார். பிறகு அதை மேஜையில் குப்புறக் கவிழ்த்துவிட்டு, கொடுத்தவரின் முகத்தைப் பார்ப்பார். "கடைசியா இதுல என்ன பண்ணீங்க?" என்பார். "ஒண்ணும் பண்ணலையே" என்று பதில் வரும். உலகத்தில் இதுவரை யாரும் எதையும் பண்ணியதில்லை. இணையப் பக்கம் தானாகவே திறக்காமல் போகிறது, பாவம்!

சலவைக் கடைக்காரருக்கு இது தொழில் இல்லை, பைத்தியம். துணி மெஷினில் சுற்றுகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் போனை விட்டால் வேறென்ன கதி? பக்கம் வராது, ஆளாளுக்குத் திரையைக் குத்து குத்தென்று குத்துவார்கள். அவருக்குப் பொறுக்காது. "அடுப்புல வெச்சதைத் திறந்து திறந்து பார்த்தா எப்படி வேகும்? கையை எடுங்க" என்று பிடுங்கிக்கொள்வார். இணைப்பைத் துண்டிக்கிற விமானப் படத்தைத் தட்டி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி தட்டுவார். அதற்கும் மசியாவிட்டால் பிரவுசரில் சேர்ந்து கிடக்கும் பழைய குப்பையைத் துடைத்துவிட்டு ரீலோடு பட்டனை அழுத்துவார். பக்கம் வந்துவிட்டால், பெற்ற பிள்ளை நடை பழகியதுபோல் ஒரு சிரிப்பு. ஊர் வைத்த பெயர், ரீலோடு மாமா. தன் போனை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டார். மனைவி கேட்டால்கூட, "எதையாவது தட்டி வெச்சுடுவே" என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவர் போன சனிக்கிழமை ஆடிப்போய்விட்டார். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் கல்லூரியின் இணையப் பக்கத்தில் 'சம்மதம்' என்று அழுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். மகளோ சிக்னல் இல்லாத மலைப்பாதையில் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். பாஸ்வேர்டு அவள் அம்மாவின் போனில் மட்டும்தான் பதிவாகியிருந்தது. அப்பா அழுத்திவிடுவார் என்று நம்பி ரயிலேறியிருந்தாள். அது என்ன பெரிய விஷயம் என்று மதியம் வரைக்கும் அடுத்தவர் போன்களை நோண்டிக்கொண்டிருந்தார் மனிதர்.

கடைசியில் மனைவியின் போனை எடுத்தால், இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று ஒரு சிவப்பு முக்கோணம். விமானப் படத்தைத் தட்டினார். குப்பையைத் துடைத்தார். அணைத்து எழுப்பினார். பக்கத்துக் கடை வைஃபையைக் கடன் வாங்கிப் பார்த்தார். முக்கோணம் அசைவதாக இல்லை. பெஞ்சிலிருந்த தபால்காரர், "மாமா, கடைசியா இதுல என்ன பண்ணீங்க?" என்று கேட்க, கடையே சிரித்தது. மாமா போனோடு எழுந்தார்.

பின்பக்கம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றார்.

"உண்மையைச் சொல்லு. இதுல என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலையே" என்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அந்தக் கல்லு உடைக்கிற விளையாட்டுல உயிர் தீர்ந்துட்டா காத்திருக்கச் சொல்றான். தேதியை ஒரு நாள் தள்ளி வெச்சா உடனே குடுத்துடறான். அதான்..."

"ஒரு நாள்தானே?"

"ஒவ்வொரு தடவையும் ஒரு நாள்."

தேதியைப் பார்த்தார். போன் அடுத்த வருஷத்தில் இருந்தது. அந்தத் தேதிக்குக் கல்லூரிப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழே காலாவதி. பிரவுசர் எப்படி உள்ளே விடும்?

"எங்களையெல்லாம் இங்க விட்டுட்டு, நீ மட்டும் அடுத்த வருஷத்துல குடித்தனம் பண்றியா?" கோபமாகத்தான் ஆரம்பித்தார், பாதியிலேயே சிரிப்பு பீறிட்டுவிட்டது.

தேதியைத் திருப்பப் போன கையை அவள் ஒரு கணம் பிடித்தாள். தேதி பின்னால் போனால் அடுத்த வருஷம் வரைக்கும் ஓர் உயிர்கூட வராதாம். ஆசை ஆசையாக ஏறிவந்த ஆட்டம். பிறகு அவளே கையை எடுத்தாள். "வைங்க. எம் பொண்ணு சீட்டைவிடவா?"

வைத்தார். பக்கம் சமர்த்தாகத் திறந்தது. 'சம்மதம்' பட்டனை அவளையே அழுத்தச் சொன்னார். அவள் அழுத்தியதும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தபால்காரர் கை தட்ட, பெஞ்சு முழுக்கத் தட்டியது. மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று யார் துணியை யார் கூடையில் போட்டார் என்று அவருக்கே தெரியாது.

மெஷின்கள் ஓய்ந்த பிறகு மூலையில் உட்கார்ந்து தன் போனில் எதையோ இறக்கிக்கொண்டிருந்தார். இறங்கி முடிந்ததும் அதைச் சட்டை முனையில் துடைத்து, கல் உடைக்கும் விளையாட்டு திறந்தபடியே, இஸ்திரி மேஜையில் அவள் கைப்பக்கம் வைத்துவிட்டு வந்தார்.