மேல் வீட்டைக் கூப்பிடும் ஒட்டடைக் கம்பு

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்சேஞ்ச் அக்கா. ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்த மகராசி, மேல் வீட்டுக்கு மட்டும் போன் போட்டதே கிடையாது. ஒட்டடைக் கம்பை எடுத்து அடுக்களை சீலிங்கில் ரெண்டு தட்டுத் தட்டுவாள். டீ தயார் என்று அர்த்தம். மேலேயிருந்து குதிகாலால் ஒரு மிதி விழும். வர்றேன் என்று அர்த்தம். ரெண்டு பேரும் புதுசாகக் கல்யாணமாகிக் குடிவந்த காலத்துப் பழக்கம் அது. மாடி அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் இறங்கி வந்து, பெரிய டாக்டர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாள். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிடும். அடடா, அதெல்லாம் ஒரு காலம்!

அந்த மாடி அக்காவுக்குத்தான் இப்போது மறதி. குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கிப்போனாள். கீழே சீலிங் ஊறிக் காரை பெயர்ந்து, அலமாரிக்குள்ளெல்லாம் தண்ணீர். வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்ததே என்று எக்ஸ்சேஞ்ச் அக்கா சொல்லியனுப்ப, சேதத்தைப் பார்க்க ஓர் ஆள் வந்தார்.

அண்ணாந்து பார்த்தவர் சீலிங் மூலையில் இருந்த குழிகளைக் காட்டி, "மேல் வீட்டோட ரொம்ப நாளா சண்டையா?" என்றார்.

"சண்டையா? நல்லா கேட்டீங்க போங்க! அது எங்க டெலிபோன் தம்பி."

அவரும் சிரித்துவிட்டார். "சரிம்மா. ஆனா தப்பு மேல் வீட்டு மேலதானே? உங்களுக்குக் குடுக்கிற பணத்தைக் கேட்டு, அந்த வீட்டு ஓனருக்குக் கம்பெனியிலேருந்து லெட்டர் போகும்."

மேல் வீடு மாடி அக்காவின் மகன் பேரில் இருந்தது. வெளியூரில் இருப்பவன். முன்பு அம்மா அடுப்பை அணைக்க மறந்தபோதே, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அம்மாவை என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன் சித்தி. அப்புறம் நீங்க தடுக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தான்.

"கிளெய்ம் வேண்டாம் தம்பி."

"என்னம்மா, சீலிங்கைப் பாருங்க! கைக்காசைப் போட்டுப் பண்ண முடியுமா?"

"பண்ணிக்கிறேன். நீங்க டீ குடிச்சிட்டுப் போங்க."

காரை பூசியாயிற்று. குழி விழுந்த மூலையில் மட்டும் கொத்தனாரைக் கை வைக்க விடவில்லை. ஆனால் மறுபடியும் குழாய் திறந்து கிடந்தால்? 'குழாயை மூடினியா' என்று கேட்டால் மாடி அக்கா கூனிக்குறுகிப் போவாள். ஒரு வார்டையே கட்டி மேய்த்தவளை அப்படிக் கேட்க யாருக்கு மனசு வரும்?

அதனால் தினமும் டீ போடுமுன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறி, "அக்கா, கொஞ்சம் சர்க்கரை" என்பாள். அடுக்களைக்குள் போய்ச் சர்க்கரையை அள்ளிக்கொண்டே குழாயைத் திருகிப் பார்ப்பாள். பிறகு கீழே வந்து கம்பை எடுத்துத் தட்டுவாள். அவள் வீட்டு டப்பாவில் சர்க்கரை நிரம்பி வழிந்தது.

ஒருநாள் போனபோது, குழாயடியிலேயே ஒரு கிண்ணம் சர்க்கரை தயாராக இருந்தது. மாடி அக்கா அடுக்களை வாசலில் நின்றாள்.

"இவ்வளவு சர்க்கரைக்கு உன் வீட்ல எறும்பு வரலையாடி?"

எக்ஸ்சேஞ்ச் அக்கா குழாயை ஒரு திருகு திருகிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

"குழாயைப் பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன் அக்கா."

"அப்ப கீழ போய்த் தட்டு. வர்றேன்."